ஒரு தொட்டித் தண்ணீர்

படகு பாதி உயரம் ஏறியிருந்தபோதுதான் ஆண்டாயிக்குத் தன் மஞ்சப்பை ஞாபகம் வந்தது.

"பைய கீழ பெஞ்சுலயே வச்சிட்டேன் தம்பி. பெருமாள் கோயில் துளசி இருக்கு அதுல."

படகோட்டி சிங்காரவேலு அண்ணாந்து பார்த்தான். சுற்றிலும் பாசி பிடித்த சிமெண்டுச் சுவரும் ஷட்டரும். சுவருக்கு மேலே நீளவாக்கில் ஒரு துண்டு வானம். அந்த வானத்தின் ஓரத்தில், ஷட்டர் கைப்பிடியில் ஒரு கையும் செல்போனில் ஒரு கையுமாக, அவன் மனைவியின் தம்பி தமிழரசன் நின்றான்.

மேலே போய்விட்டுத் திரும்பி வரும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று சிங்காரவேலு பணிவாகச் சொல்லிப் பார்த்தான். பெருமாள் துளசியை நாய் முகர்ந்துவிட்டால் அந்தப் பாவம் யாரைச் சேரும் என்று ஆண்டாயி கேட்டாள். அவள் கணவர் ராசாங்கம், அது படகு ஓட்டுகிறவரைத்தான் சேரும் என்று அபிப்பிராயப்பட்டார். அவர்களுடைய மருமகள் கவியா லைஃப் ஜாக்கெட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

இரட்டையேரியில் ஏரி இரண்டு. மேலேரி மேலேயும் கீழேரி கீழேயும் இருக்கின்றன. இவ்வளவு ஒழுங்காகப் பெயர் வைத்த ஊர் அரியலூர் மாவட்டத்தில் வேறு கிடையாது. இரண்டுக்கும் நடுவே அரைப் பனை உயரம் வித்தியாசம். பஸ் நிற்பது கீழேரிக் கரையில். போட்டோ எடுத்துக்கொள்ளத் தோதான தீவு இருப்பது மேலேரி நடுவில். நடந்தால் கரைமேல் ஏறிப் போய்விடலாம். ஆனால், வெளிநாட்டில் எங்கோ படகு படியேறுவதைப் பார்த்துவிட்டு வந்த ஓர் இன்ஜினியர், இங்கேயும் படகு ஏறித்தான் ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று, இரண்டு ஏரிக்கும் நடுவே ஒரு நீளத் தொட்டியைக் கட்டிவிட்டார்.

தொட்டிக்குக் கீழ்ப்பக்கம் ஒரு ஷட்டர், மேல்பக்கம் ஒரு ஷட்டர். படகு கீழேரியிலிருந்து தொட்டிக்குள் நுழையும். கீழ் ஷட்டரை இறக்கி மூடிவிட்டு மேல் ஷட்டரைக் கொஞ்சம் தூக்கினால், மேலேரித் தண்ணீர் தொட்டிக்குள் விழும். தண்ணீர் ஏற ஏறப் படகும் ஏறும். மட்டம் சரியானதும் மேல் ஷட்டரை முழுக்கத் தூக்கிவிட்டு, மோட்டாரைப் போட்டுக்கொண்டு போக வேண்டியதுதான். ஊர் இதைத் தண்ணி லிப்ட்டு என்றது.

இன்ஜினியர் ஒரே ஒரு காலைப்பொழுது சிங்காரவேலுவுக்குப் பாடம் நடத்தினார். ஷட்டரை எடுத்த எடுப்பில் ஒரு கையகலத்துக்கு மேல் தூக்காதே. கயிற்றைக் கட்டாதே, சுவரில் இருக்கும் வளையத்துக்குள் நுழைத்துத் தலைப்பைக் கையில் பிடித்துக்கொண்டு விட்டுவிட்டுக் கொடு. ஒரு ஷட்டர் முழுக்க மூடாமல் இன்னொன்றின் பக்கம் போகாதே. கைப்பிடிக்காரன் இடத்தை விட்டு நகரக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஏறுவதற்கு நிரப்பிய தண்ணீரை அப்படியே வைத்திருந்து, திரும்பி வரும்போது அதே தண்ணீரில் இறங்கு. போக வர ஒரே தொட்டி. அதற்கு மேல் ஒரு சொட்டுச் செலவானாலும் நீ படகு ஓட்டவில்லை, ஏரியைக் கவிழ்க்கிறாய் என்று அர்த்தம். இவ்வளவையும் சொல்லிவிட்டு இன்ஜினியர் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அந்த ஒரு தொட்டிக்குத்தான் இன்றைக்குப் பரீட்சை.

மேலேரிப் பாசனச் சங்கத் தலைவர் ராஜராஜன், படகு போக ஆரம்பித்த நாளிலிருந்தே வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தார். கீழே போன தண்ணீர் மேலே வராது என்பது அவருடைய கட்சி. ஏரி வற்றிக் கிடந்த கோடையில் மேலேரி மதகுக்கல்லில் சிவப்புப் பெயிண்டால் அவரே போட்ட ஒரு கோடு, இப்போது தண்ணீருக்குக் கீழே ஒரு ஜாண் தள்ளி இருந்தது. நாளைச் சாயங்காலத்துக்குள் அந்தக் கோடு வெளியே தெரிந்தால் நேராக அரியலூர் சுற்றுலா ஆபீசுக்குப் போய் லிப்ட்டுக்குப் பூட்டுப் போடச் சொல்லிவிடுவேன் என்று முந்தின நாள் அறிவித்துவிட்டு, இன்று காலையிலிருந்து மதகடிப் புளியமரத்தின் கீழ் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பூட்டுப் போட்டால் சிங்காரவேலு ஆண்டிமடம் போக வேண்டும். அங்கே அவன் பெரிய மச்சான் அறிவரசனுக்கு முந்திரிக்கொட்டை உடைக்கும் கொட்டகை இருந்தது. சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டி இடுப்புப் போய், பெரம்பலூரில் வைத்த பரோட்டாக் கடையும் போய், மூன்றாவதாகக் கிடைத்த வேலை இந்தப் படகு. இதுவும் போனால் அண்ணன் கொட்டகைதான் என்று அவன் மனைவி கலியம்மாள் தீர்ப்பு எழுதி வைத்திருந்தாள். முந்திரிக்கொட்டை எண்ணெய் பட்டால் கைத்தோல் உரியும். அதைக்கூட சிங்காரவேலு பொறுத்துக்கொள்வான். உரிந்த கையோடு மச்சான் எதிரே உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பதைத்தான் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஆகவே துளசிப் பையை உடனே வரவழைக்க முடிவு செய்தான்.

"தமிழு, ஓடிப் போயி பெஞ்சுல மஞ்சப்பை இருக்குதா பாரு."

தமிழரசன் ஓடினான். மேல் ஷட்டரைத் தூக்கியபடியே விட்டுவிட்டு ஓடினான். தொட்டி நிரம்பி, கீழ் ஷட்டரின் தலைமேல் வழிந்து, கீழேரிக்குள் அருவி மாதிரி விழுந்தது. கவியா அதைச் செல்போனில் படம் எடுத்தாள். தமிழரசன் மூச்சு வாங்கத் திரும்பி வந்து, பெஞ்சில் பையும் இல்லை, நாயும் இல்லை என்றான்.

தானே போய்ப் பார்த்தால்தான் மனசு ஆறும் என்று ஆண்டாயி எழுந்து நின்றாள். படகு ஆடியது. மேல் ஷட்டரை மூடி, கைப்பிடியைக் கழற்றிக் கீழ் ஷட்டருக்குக் கொண்டுபோய் மாட்டி, தொட்டியைக் காலி செய்து படகைக் கீழே இறக்கினார்கள். இரண்டு ஷட்டருக்கும் கைப்பிடி ஒன்றுதான். இரண்டாவது கைப்பிடி திட்டத்தில் இருந்தது, ஊரில் இல்லை. ஆண்டாயி கரையேறிப் பெஞ்சைச் சுற்றிப் பார்த்துவிட்டு மெதுவாக வந்தாள். அதற்குள் ராசாங்கம் காலை நீட்ட, பை அவர் பலகைக்கு அடியிலிருந்து எட்டிப் பார்த்தது.

"இங்கதான் இருக்குது," என்றார் ராசாங்கம், ஒரு நல்ல செய்தியைச் சொல்கிறவர் மாதிரி.

மேலே சுவரோரம் ராஜராஜனின் தலை தெரிந்தது.

"சிங்காரவேலு, ஆளு இன்னும் ஏறல. தண்ணி மட்டும் இறங்கிடுச்சு."

போனது போகட்டும், இனி யாரும் எதையும் மறப்பதற்குள் ஏறிவிட வேண்டும் என்று சிங்காரவேலு கணக்குப் போட்டான். கையகலத்துக்குப் பதில் முழங்கை அளவு தூக்கச் சொன்னான். தமிழரசன் கேட்டதைவிடத் தாராளமாகவே தூக்கினான். மேலேரி மொத்தமும் படகைப் பார்க்க ஆசைப்பட்டதுபோல் பாய்ந்து வந்தது. படகு இந்தச் சுவரில் மோதி, அந்தச் சுவரில் மோதி, நடுவில் ஒரு சுற்றுச் சுற்றியது. ஆண்டாயி பெருமாளைக் கூப்பிட்டாள். கவியா, கொஞ்சம் கட்டிப் போட்டால் நன்றாயிருக்கும் என்று முனகினாள்.

கட்டக் கூடாது என்று சிங்காரவேலுவுக்குத் தெரியும். அதைச் சொல்லவும் சொன்னான்.

"ஏன் தம்பி, மாட்டையே கட்டித்தானே வைக்கிறோம்," என்றார் ராசாங்கம். "படகு என்ன மாட்ட விட ஒசத்தியா?"

லாரி ஓட்டிய காலத்தில் சிங்காரவேலு போட்ட முடிச்சு அவிழ்ந்ததாகச் சரித்திரம் இல்லை. அந்த முடிச்சைப் போட்டான். படகு உடனே அடங்கியது. அடங்கிய படகைச் சுற்றித் தண்ணீர் ஏறியது. கயிறு விறைத்தது. படகின் ஒரு பக்கம் மட்டும் ஏற மறுத்து, தண்ணீருக்குள் தலையைக் கொடுக்கப் பார்த்தது. எல்லோரும் மறுபக்கம் சாய்ந்தார்கள். சிங்காரவேலு நகத்தால், பல்லால், படகுச் சாவியால் முடிச்சோடு போராடினான். தான் போட்ட முடிச்சின் மேல் அவனுக்கு அன்றைக்குத்தான் உண்மையான மரியாதை வந்தது. கத்தி எதுவும் கையில் இல்லை. தண்ணீர் விளிம்பைத் தொட்டது.

"இறக்குடா தமிழு. மேல மூடிட்டு கீழ் ஷட்டரத் தூக்கு."

இரண்டாவது தொட்டியும் கீழேரிக்குப் போனது. கயிறு தொய்ந்தது. முடிச்சு தானாகவே இளகிக் கொடுத்தது. அப்புறம்தான் ஆண்டாயி சுருக்குப்பையைத் திறந்து, வெற்றிலை போடுவதற்காகப் பாக்குவெட்டியை எடுத்தாள். நல்ல பதமான பாக்குவெட்டி. சிங்காரவேலு அதையே பார்த்தான்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பனே," என்றாள் அவள்.

மூன்றாம் முறை அவன் எல்லாவற்றையும் இன்ஜினியர் சொன்னபடியே செய்தான். கையகலம்தான் திறந்தான். கயிற்றை வளையத்தில் நுழைத்துக் கையில் பிடித்தான். பை, செருப்பு, போன், துளசி எல்லாம் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிட்டான். படகு ஒரு குலுக்கல் இல்லாமல், பால் பொங்குகிற மாதிரி ஏறியது. வானம் அகலமாயிற்று. மேலேரிக் கரையின் புளியமரம் தெரிந்தது. அடுத்து ராஜராஜனின் நாற்காலி தெரிந்தது. இன்னும் ஒரு முழம்தான். சிங்காரவேலு மோட்டாரில் கை வைத்தான்.

"அத்தை, எனக்குத் தலைய சுத்துது," என்றாள் கவியா.

ஒரு நிமிஷம் பொறுத்தால் மேலேரிக் கரையிலேயே காலாற இறங்கலாம் என்றான் சிங்காரவேலு. அவள் மாசமாக இருக்கிற பெண் என்றும், நிமிஷக் கணக்கெல்லாம் அவளிடம் சொல்லக் கூடாது என்றும் ஆண்டாயி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஒரு பன்னீர் சோடா குடித்தால் சரியாகிவிடும். சோடாக் கடை பஸ் ஸ்டாப்பில் இருந்தது.

தமிழரசனை அனுப்பினால் என்ன ஆகும் என்பதைச் சிங்காரவேலு அன்று காலையிலேயே படித்திருந்தான். ஆகவே கயிற்றை ராசாங்கத்திடம் கொடுத்துவிட்டு, சுவரின் இரும்பேணியில் தானே ஏறி, ஷட்டரை மூடச் சொல்லி, எதையும் தொடாதே என்று மச்சானிடம் கைகூப்பிச் சொல்லிவிட்டுக் கரை இறங்கி ஓடினான். இடுப்பு வலியோடு ஓடினான். சோடாக்காரர் ஐஸில் இருப்பதா, வெளியில் இருப்பதா என்று விசாரித்தார். ஐஸில் இருப்பதை வாங்கிக்கொண்டு கரையேறி ஓடிவந்து, ஏணிக்குப் பக்கத்தில் நின்று, குனிந்து பாட்டிலை நீட்டினான்.

படகு அங்கே இல்லை. நீட்டிய கைக்கு அரைப் பனை ஆழத்தில், தொட்டியின் அடியில், ராசாங்கம் குடும்பத்தார் அவனை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்தம்மாதான் கேட்டாங்க மாமா," என்றான் தமிழரசன். "சோடா கடை கீழதானே இருக்கு. கிட்டக்கக் கொண்டு போயி வச்சா உங்களுக்கு ஏறி எறங்குற வேலை மிச்சம்னு சொன்னாங்க. நாயமாத்தான பட்டுது."

சிங்காரவேலு சோடாவைத் தானே குடித்தான்.

அவன் போன் அடித்தது. கலியம்மாள். தம்பி பெரியண்ணனுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாகவும், அண்ணன் கொட்டகையில் அவனுக்கென்று ஒரு பலகையைக் கழுவிக் காயவைத்துவிட்டதாகவும் சொன்னாள். காற்றோட்டமான இடமாம். தமிழரசன் வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

இதற்கு நடுவில் ராஜராஜன் மதகுக்கல்லுக்கும் தொட்டிக்குமாக நடக்க ஆரம்பித்திருந்தார். கோடு தெரிய இன்னும் நாலு விரல்கிடைதான் பாக்கி என்றார். அடுத்த நடையில் மூன்று விரல் என்றார். வேட்டியை மடித்துக் கட்டினார். அவிழ்த்தார். திரும்பவும் மடித்துக் கட்டினார். அவர் ஒவ்வொரு முறை மடித்துக் கட்டும்போதும் சிங்காரவேலுவின் மூக்கில் முந்திரிக்கொட்டை வறுபடும் வாசனை அடித்தது.

பேசாமல் சவாரியை முடித்துவிடலாம் என்று அவன் ராசாங்கத்திடம் கேட்டான். வேறொரு நாள் வாருங்கள், முதல் ஆளாக ஏற்றிக்கொண்டு போகிறேன் என்றான். ராசாங்கம் சம்மதிக்கவில்லை. சனிக்கிழமைக் கூட்டத்துக்குப் பயந்து திங்கட்கிழமையாகப் பார்த்துக் கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலுக்கு வந்ததே இந்தத் தீவையும் சேர்த்துப் பார்க்கத்தான். படகு முழுக்கத் தங்களுக்கே என்று டிக்கெட் எடுத்ததும் அதற்குத்தான். மருமகள் ஆசைப்பட்டுவிட்டாள். மாசமாக இருக்கிற பெண்ணின் ஆசை.

"நீ ஏத்து தம்பி. எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல."

சரி, கடைசியாக ஒரு முறை. தப்பெல்லாம் சின்ன மச்சானால்தான் வருகிறது என்று சிங்காரவேலு முடிவுக்கு வந்தான். தமிழரசனைப் படகில் இறக்கிவிட்டுக் கைப்பிடியைத் தானே எடுத்துக்கொண்டான். இனி ஒரு விரல் தண்ணீரும், ஒரு நிமிஷமும் வீணாகக் கூடாது. கீழ் ஷட்டரை இறக்கச் சுற்றினான். அது முக்கால்வாசி இறங்கியதுமே, மீதி தன் கனத்தில் தானே இறங்கிக்கொள்ளும் என்று கைப்பிடியைக் கழற்றிக்கொண்டு மேல் ஷட்டருக்கு ஓடினான். ஒரு ஷட்டர் மூடாமல் இன்னொன்றைத் தொடக் கூடாது என்று சொன்ன இன்ஜினியருக்கு மச்சான் யாரும் ஆண்டிமடத்தில் இல்லை. மேல் ஷட்டரை நன்றாகவே தூக்கினான்.

கீழே ராசாங்கம் வெயிலுக்குக் குடையை விரித்தார். பிறகு மடக்கினார். மடக்கிய குடை கை நழுவிக் கீழ் ஷட்டர் வந்து உட்காரும் காடிப் பள்ளத்துக்குள் விழுந்தது. தானே இறங்கிக்கொண்டிருந்த ஷட்டர் குடையின் மேல் உட்கார்ந்து, அதற்கு மேல் இறங்க மாட்டேன் என்றது.

மேலே வாசல் திறந்திருந்தது. கீழேயும் வாசல் திறந்திருந்தது. நடுவில் தொட்டி என்று ஒன்று இருந்ததையே தண்ணீர் மறந்துவிட்டது. மேலேரியிலிருந்து கீழேரிக்கு ஒரே ஓட்டம்.

"மூடுய்யா, மேல மூடுய்யா," என்று ராஜராஜன் ஓடிவந்தார்.

சிங்காரவேலு மூடத்தான் திரும்பினான். அதற்குள் கீழேயிருந்து ராசாங்கத்தின் குரல், தண்ணீர் இரைச்சலையும் மீறித் தெளிவாக வந்தது.

"தலைவரே, கைப்பிடி இவரு கையில இருக்குற வரைக்கும் உங்க ஏரி நிக்காதுங்க. கழட்டி எடுத்துக்கிட்டு ஆபீசுக்குப் போயிடுங்க."

ஏரித் தகராறு வந்தால் முதல் வேலையாக ஷட்டர் கைப்பிடியைப் பிடுங்கி வீட்டில் வைத்துக்கொள்வது அந்த ஊர்ப் பழக்கம். ராஜராஜனின் அப்பா அதைச் செய்திருக்கிறார். அவருக்கு அப்பாவும் செய்திருக்கிறார். அந்தக் குடும்பத்தில் கைப்பிடியைப் பிடுங்குகிற கைக்கு, மூளையிடம் உத்தரவு கேட்கும் வழக்கம் கிடையாது. ராஜராஜன் சிங்காரவேலுவைத் தள்ளிவிட்டுக் கைப்பிடியை உருவினார். பைக்கின் பெட்டியில் போட்டார். உதைத்தார். அரியலூர்ப் பக்கம் பறந்துவிட்டார்.

ஷட்டர் திறந்தபடியே நின்றது.

சிங்காரவேலு பைக்கின் பின்னால் கொஞ்ச தூரம் ஓடினான். போன் போட்டான், ராஜராஜனின் போன் புளியமரத்தடி நாற்காலியில் அடித்தது. திரும்பி ஓடிவந்து, பஸ் டிரைவரிடம் வீல் ஸ்பேனர் இரவல் வாங்கி, ஷட்டர் தண்டில் மாட்டித் திருகினான். அது கிரீஸில் வழுக்கிக்கொண்டு ஏரிக்குள் போய்விட்டது. பஸ் டிரைவர் அவனைப் பேசிய பேச்சில் அவன் அம்மாகூட வந்து போனாள். அடுத்து, கீழ் ஷட்டரின் சந்தை அடைக்க ஒரு வழி தோன்றியது. படகிலிருந்த லைஃப் ஜாக்கெட்டுகளைச் சுருட்டிச் சுருட்டிச் சந்துக்குள் திணித்தான். தண்ணீர் ஒவ்வொன்றாக உறிஞ்சி அந்தப் பக்கம் துப்பியது. அவை கீழேரி முழுக்கப் பரங்கிப் பழங்கள் மாதிரி மிதந்து போயின. துடுப்பைக் கொடுத்தான். துடுப்பும் போனது.

ராசாங்கம் குடையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். வரவில்லை என்றார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முறை இழுத்துவிட்டு, அப்போதும் வரவில்லை என்றார்.

தொட்டிக்குள் அவ்வளவு வேகத்தில் தண்ணீர் ஓடியும் படகு அசையாமல் நின்றது. ராசாங்கம் கயிற்றை வளையத்துக்குள் நுழைத்து, தலைப்பை விட்டும் பிடித்தும், ஒற்றைக் கையால் அதை அடக்கி வைத்திருந்தார். மறு கையில் புளியோதரை. ஆண்டாயி மஞ்சப்பையிலிருந்து எல்லோருக்கும் இலை போட்டிருந்தாள். தலைசுற்றல் நின்றிருந்த கவியா இரண்டாவது முறை வாங்கிச் சாப்பிட்டாள். தமிழரசனும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"நீயும் ஒரு வாய் சாப்புடு தம்பி," என்றாள் ஆண்டாயி. "ஓடி ஓடி மொகமே சுண்டிப் போச்சு."

சிங்காரவேலுவுக்கு எதுவும் இறங்கவில்லை. மதகுக்கல்லுக்குப் போனான். கோடு தெரிந்தது. தொட்டிக்கு வந்துவிட்டுத் திரும்பப் போனான். கோட்டுக்குக் கீழே ஈரக்கல் தெரிந்தது. இன்னொரு தரம் போனான். கல்லில் ராஜராஜன் பெயிண்ட் தொட்ட தூரிகையைத் துடைத்திருந்த இடம்கூடத் தெரிந்தது. அதற்கப்புறம் அவன் போகவில்லை. புளியமரத்தடியில் உட்கார்ந்து கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தோல் நன்றாகத்தான் இருந்தது. இதுவே கடைசியாக இருக்கலாம்.

வெயில் தாழ்ந்த பிறகு ராஜராஜனின் பைக் வந்தது.

சிங்காரவேலு எழுந்து நின்றான். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றி நீட்டினான். ராஜராஜன் அதைக் கவனிக்கவே இல்லை. மதகுக்கல்லில் வெளியே தெரிந்த சிவப்புக் கோட்டையும் பார்க்கவில்லை. பைக்கில் இருந்தபடியே ஆகாயத்தைப் பார்த்தார். போன மாதிரி அவர் வரவில்லை. காற்று இறங்கி வந்திருந்தார்.

"லிப்ட்ட மூட மாட்டாங்களாம்," என்றார்.

சிங்காரவேலு அட்டையை நீட்டியபடியே நின்றான்.

ராஜராஜன் நடந்ததைச் சொன்னார். ஆபீஸ் வாசலில் ஒரே பெண்கள் கூட்டமாம். டிபன் டப்பாவோடு வந்து மதியத்திலிருந்தே தரையில் உட்கார்ந்திருந்தார்களாம். இரட்டையேரி லிப்ட்டை மூடவே கூடாது, தினமும் ஓட்ட வேண்டும் என்று ஒரே பிடியாம். ஆபீசர் எழுந்துபோகவே முடியவில்லையாம். இவ்வளவு பேர் ஒரு படகுக்காக வந்து கேட்பதைத் தன் சர்வீசில் பார்த்ததில்லை என்று அவருக்குக் கண்கூடக் கலங்கிவிட்டதாம். இவர் உள்ளே போய்த் தண்ணீர் கதையைச் சொன்னதும், ஷட்டரைத் திறந்து போட்டுவிட்டுக் கைப்பிடியோடு இங்கே என்னய்யா செய்கிறாய் என்று ஆபீசர் கேட்டாராம். அப்போதுதான் இவருக்கே அது உறைத்ததாம்.

"அது கூடப் பரவாயில்ல," என்றார் ராஜராஜன். "டிரைவர மாத்தக் கூடாதுன்னும் கேட்டாங்களாம். இந்த மாதிரி நிதானமா ஓட்டுற ஆளு கெடைக்காதாம். உன்ன நிரந்தரம் பண்ணச் சொல்லி ஆபீசர் அங்கேயே உத்தரவு போட்டுட்டாரு."

யார் அந்தப் பெண்கள் என்று சிங்காரவேலு கேட்டான். சுற்றுலாப் பயணிகள் என்றுதான் சொல்லிக்கொண்டார்களாம். அதற்கு மேல் கேட்க அவரை யாரும் விடவில்லையாம். ராஜராஜன் பெட்டியிலிருந்து கைப்பிடியை எடுத்துக்கொண்டு, மேல் ஷட்டரை மூடத் தளர்ந்த நடையில் போனார்.

சிங்காரவேலு ஏணியில் இறங்கிப் படகுக்கு வந்தான். கால்கள் தரையில் இல்லை. தமிழரசனிடம், ஆண்டிமடத்துக்குப் போன் போட்டு அந்தப் பலகையை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லு என்றான். தன் படகோட்டும் திறமை ஊர் ஊராகப் பேசப்படுவது தனக்கே தெரியாமல் போய்விட்டதே என்று அவனுக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

அந்த நேரம் ஆண்டாயியின் போன் அடித்தது. காதில் வைத்துக் கேட்டாள். "போதுமா? சரி," என்று மட்டும் சொல்லி வைத்தாள். ராசாங்கத்தைப் பார்த்துத் தலையசைத்தாள். அவர் எட்டிக் குடையின் காம்பை ஒரு திருகு திருகினார். அது வெண்ணெயில் சொருகியிருந்தது போல வந்துவிட்டது. கீழ் ஷட்டர் சாவகாசமாக இறங்கி மூடிக்கொண்டது.

தீவுக்குப் போக இன்னும் வெளிச்சம் இருக்கிறது, இப்போது ஏற்றிக் காட்டுகிறேன் பாருங்கள் என்று சிங்காரவேலு உற்சாகமாகக் கயிற்றைக் கையில் எடுத்தான். வேண்டாம், பார்த்தவரைக்கும் மனசு நிறைந்துவிட்டது என்று ராசாங்கம் எழுந்தார். மாசமாக இருக்கிற கவியா இரும்பேணியில் விறுவிறுவென்று முதலில் ஏறினாள். ராசாங்கம் பின்னால் ஏறினார்.

ஆண்டாயி கடைசியாக ஏணியில் கால் வைத்தாள். அந்தச் சுற்றுலாக்காரப் பெண்கள் எந்த ஊராக இருக்கும், உங்களுக்கு ஏதாவது தெரியுமா என்று சிங்காரவேலு அவளிடமும் கேட்டு வைத்தான்.

மேலே ராஜராஜன் ஷட்டரைச் சுற்றும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் ஒரு முறை அண்ணாந்து பார்த்துக்கொண்டு, அவன் பக்கம் குனிந்தாள்.

"அதெல்லாம் எங்க தெருப் பொம்பளைங்கதான் தம்பி, கீழேரிக் கடைமடைக்கு நாலு வருசமா மனு குடுத்தும் வராத தண்ணி, இன்னிக்கு நீ எங்கள ஏத்தி ஏத்தி எறக்குனதுல நாத்தங்கால் வரைக்கும் வந்துட்டுதாம்."